பார்த்தானா, பார்த்தாளா? ஒரு கனவுத் திகில் படமும் அதற்கு வந்த விமர்சனங்களும்

எந்தப் படத்தின் கதையையும் நாலு வரியில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். 2024இல் வெளியான ‘ஐ சா த டிவி குளோ’ என்ற அமெரிக்கப் படம் அந்த நினைப்பைக் கெடுத்தது. ஓவன் என்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு தொலைக்காட்சித் தொடரைத் திருட்டுத்தனமாகப் பார்த்தான் என்று எழுதுவதா, பார்த்தாள் என்று எழுதுவதா, பார்த்தார் என்று தப்பித்துக்கொள்வதா? ஆங்கிலத்தில் வினைச்சொல் இதைக் காட்டிக்கொடுக்காது. தமிழ் வினைக்கு வால் உண்டு. அந்த வாலை எப்படி முடிக்கிறோம் என்பதிலேயே படத்தை எப்படிப் புரிந்துகொண்டோம் என்பது தெரிந்துவிடுகிறது.

இந்தப் படத்தை ஒருவர் அந்த ஆண்டின் ஆகச் சிறந்த படம் என்கிறார், இன்னொருவர் தூக்கம் வந்தது என்கிறார். இரண்டு பேருமே விவரம் தெரிந்த விமர்சகர்கள். புதிதாக இப்படிப்பட்ட படங்கள் பக்கம் வருபவருக்குத் தலை சுற்றும். விமர்சன வரவேற்பு என்று சொல்கிறார்களே, அது எப்படி உருவாகிறது, எப்படிப் படிப்பது என்பதை இந்த ஒரே படத்தை வைத்துப் பார்க்கலாம். முடிவுக் காட்சி வரை பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் கதை. இப்போதைக்கு ‘அவன்’ என்றே எழுதுகிறேன். காரணம் பிறகு புரியும். 1996, அமெரிக்கப் புறநகர் ஒன்று. அதிபர் தேர்தல் நாளில் அம்மா ஓட்டுப்போட வரும்போது ஓவனும் பள்ளிக்கூடத்துக்குக் கூடவே வருகிறான். அங்கே மேடி என்ற, வயதில் மூத்த மாணவி தரையில் உட்கார்ந்து ‘த பிங்க் ஒபேக்’ என்ற தொடரின் கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை இரவு பத்தரைக்கு வரும் தொடர் அது. ஓவன் பத்தேகாலுக்கே படுத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அனுமதி கேட்கும்போது அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: அது பொம்பளைப் பிள்ளைங்க பார்க்கிறதாச்சே? படம் முழுக்க அப்பா பேசுவது ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குமேல் அவர் பேசவும் தேவையில்லை.

மேடி ஒவ்வொரு வாரமும் தொடரை வீடியோ கேசட்டில் பதிவுசெய்து, பள்ளிக்கூடத்துப் புகைப்பட இருட்டறையில் ஓவனுக்காக வைத்துவிட்டுப் போகிறாள். தொடரில் இசபெல், டாரா என்று இரண்டு பெண்கள். மனத்தாலேயே தொடர்புகொள்ளும் அவர்கள் மிஸ்டர் மெலங்கலி என்ற நிலா முகத்து வில்லனை எதிர்த்துப் போராடுகிறார்கள். ஒரு நாள் மேடி காணாமல் போகிறாள். தொடரும் ஐந்தாவது சீசனோடு நின்றுபோகிறது. கடைசி அத்தியாயத்தில் இசபெல்லை உயிரோடு புதைத்துவிடுகிறார்கள். எட்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் மேடி சொல்வதுதான் படத்தின் அச்சாணி: நாம் வாழும் இந்த ஊரும் வீடும்தான் பொய், தொடர்தான் நிஜம். நான்தான் டாரா, நீதான் இசபெல். நீ மண்ணுக்குள் மூச்சு முட்டிக் கிடக்கிறாய். என்னோடு வந்து இங்கே உன்னைப் புதைத்துக்கொள், அங்கே கண் விழிப்பாய்.

ஓவன் பயந்து ஓடிவிடுகிறான்.

இதை எழுதி இயக்கிய ஜேன் ஷோன்பிரன் ஆண், பெண் என்ற இருமைக்குள் அடங்காத மாற்றுப்பாலினத்தவர். (அவரைப் பற்றி எழுதத் தமிழில் சிக்கல் இல்லை, ‘அவர்’ இருக்கிறது. இந்த விஷயத்தில் ஆங்கிலம்தான் திணறுகிறது.) ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்ததாக அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் அவர் கரைந்துபோய்ப் பார்த்தது ‘பஃபி’ என்ற 1997ஆம் ஆண்டுத் தொடர். அதில் நடித்த ஆம்பர் பென்சன் இந்தப் படத்தில் ஒரு காட்சியில் வந்துபோகிறார்.

இனி இப்படிப்பட்ட படங்களுக்கு வைத்திருக்கும் ‘கலைத் திகில்’ என்ற பெயருக்கு வருவோம். வழக்கமான திகில் படத்தில் ஆபத்து வெளியிலிருந்து வரும்: பேய், கொலைகாரன், மிருகம். அதைத் தடுக்கிறார்கள், அல்லது சாகிறார்கள். கலைத் திகிலில் ஆபத்துக்கு அப்படி முகம் இருக்காது, இருந்தாலும் அதுவே முக்கியமாக இருக்காது. இந்தப் படத்தில் யாரும் ஓவனைத் துரத்துவதில்லை. வேலைக்குப் போகிறான், வீட்டுக்கு வருகிறான், பெரிய டிவி வாங்குகிறான், வயதாகிறது. திகிலே அதுதான். மீயதார்த்தம் என்பதையும் பயமுறுத்தும் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கனவில் நம் வீடு வேறு யாருடைய வீடாகவோ இருக்கும், கனவுக்குள் இருக்கும்வரை அது நமக்கு விசித்திரமாகவே படாது. அந்த இயல்பைத் திரையில் கொண்டுவருவதுதான்.

இங்கேதான் விமர்சகர்கள் பிரிகிறார்கள். கனவு போன்ற கதைக்கு அடியில் இன்னொரு கதை ஓடுகிறது. அந்த அடிக்கதையைப் பிடித்தவர் ஒரு படம் பார்க்கிறார், பிடிக்காதவர் வேறொரு படம் பார்க்கிறார். இது நமக்குப் பழகிய சங்கதிதான். தொல்காப்பியம் இதற்கு உள்ளுறை என்று பெயரே வைத்திருக்கிறது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் என்று வருகிறது. ஊரின் வளம் சொல்கிறார் புலவர் என்று கடந்து போகலாம். மரத்துக்கு உரியவள் ஒருத்தி, சிரமமில்லாமல் பழம் கிடைத்தவள் இன்னொருத்தி என்று படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு குடும்பச் சண்டையே கேட்கும். இதே பாட்டில் தலைவனைப் பரத்தை கேலி செய்யும் உவமை ஒன்றும் இருக்கிறது: எதிரில் நிற்பவர் கையைக் காலைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையாம் அவன். எனக்கு இந்தப் படத்து ஓவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாவைதான் ஞாபகம் வருகிறது. மற்றவர்கள் தூக்கும்போது தூக்குகிற கை அது.

ஷோன்பிரனின் படத்தில் உள்ளுறை இது: தனக்குக் கொடுக்கப்பட்ட பாலினம் தன்னுடையதல்ல என்று உள்ளுக்குள் தெரிந்தும், அதை ஒப்புக்கொள்ளத் துணியாமல் ஆயுள் முழுக்க மூச்சுத்திணறி வாழ்வது. ஓவன் எப்போதும் இன்ஹேலரும் கையுமாக இருப்பான். மேலோட்டமாகப் பார்த்தால் ஆஸ்துமா. மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் இசபெல்லை நினைத்துப் பார்த்தால் அது வேறு மூச்சுத்திணறல். மாற்றுப்பாலினத்தவர் பலரிடையே ஆங்கிலத்தில் ‘முட்டை’ என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. தான் யார் என்று இன்னும் தனக்கே தெரியாத நிலையில் இருப்பவர் முட்டை, தெரிய வரும் நாளில் ஓடு உடைகிறது. இந்தப் படத்தை முட்டை ஓடு உடையும் கதை என்று பலர் சொன்னார்கள். என்னைக் கேட்டால், உடைய வேண்டிய ஓடு உடையாமலே போகும் கதை. அதனால்தான் திகில்.

வெளியானதும் நடந்தது என்ன? 2024 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதல் காட்சி, பிப்ரவரியில் பெர்லின் விழா, மே மாதம் ஏ24 நிறுவனம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. விழாவில் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். பணமாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, உலகம் முழுவதும் சேர்த்து வசூல் ஐந்து மில்லியன் டாலரைச் சற்றுத் தாண்டியது. அடுத்த ஆண்டு, சுயாதீனப் படங்களுக்கான இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளுக்குச் சிறந்த படம் உட்பட ஐந்து பரிந்துரைகள் வந்தன. ஓவனாக நடித்த ஜஸ்டிஸ் ஸ்மித்தும் அதில் ஒருவர். அந்த விருதில் 2023 முதல் நடிப்பு விருதுகளை நடிகர், நடிகை என்று பிரிக்காமல் தருகிறார்கள். இந்தப் படத்துக்குப் பொருத்தமான இடம்தான். ஆஸ்கர் பட்டியலில் படத்தின் பெயரே இல்லை.

எல்லாரும் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணைத்தான், அதனால் அதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இந்தப் படத்துக்கு 84 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 86. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அளப்பது வேறு வேறு. ராட்டன் டொமேட்டோஸ் ஒவ்வொரு விமர்சனத்தையும் பிடித்தது, பிடிக்கவில்லை என்று இரண்டாகப் பிரித்து, பிடித்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொல்கிறது. எவ்வளவு பிடித்தது என்பது அதன் கணக்கில் இல்லை. மெட்டாக்ரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது.

பத்து விமர்சகர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரும் ‘பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்’ என்று 65 போட்டால், ராட்டன் டொமேட்டோஸ் 100 சதவீதம் என்று காட்டும், மெட்டாக்ரிட்டிக் 65 என்று காட்டும். மாறாக, எட்டுப் பேர் உருகிப்போய் 100 போட்டு, இரண்டு பேர் கடுப்பாகி 30 போட்டால், முதல் தளத்தில் 80 சதவீதம், இரண்டாவது தளத்தில் 86. நல்ல வரவேற்பு பெறும் பெரும்பாலான படங்களுக்கு முதல் எண்தான் இரண்டாவதைவிட உயரமாக இருக்கும், ஏனென்றால் லேசாகப் பிடித்தவர்களும் அதில் முழு ஓட்டாக விழுகிறார்கள். இந்தப் படத்துக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதோடு, இரண்டாவது கொஞ்சம் ஏறியும் இருக்கிறது. பிடித்தவர்களுக்கு அரைகுறையாக அல்ல, முழுசாகவே பிடித்திருக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியிலேயே படித்துவிடலாம். இப்படிப்பட்ட படங்களுக்கு எண்ணைவிட எண்களின் வித்தியாசம் அதிகம் பேசும்.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று மூன்றாவது அளவுகோல் ஒன்றும் உண்டு. பெரிய படங்கள் வெளியாகும் முதல் இரவில் திரையரங்கை விட்டு வெளியே வருகிறவர்களிடமே கேட்டுப் பள்ளிக்கூட கிரேடு போல எழுத்துப் போடுவார்கள். விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்த ‘ஹெரிடட்டரி’ என்ற திகில் படத்துக்கு 2018இல் அது கொடுத்தது டி பிளஸ். பார்வையாளர்களுக்கு ரசனை இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுப்பது சோம்பேறித்தனம். விளம்பரம் எதைச் சொல்லி அழைத்து வந்ததோ, அது கிடைத்ததா என்பதைத்தான் அந்த எழுத்து அளக்கிறது. திகில் என்று சொல்லிக் கூட்டி வந்து, இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பதைக் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும். நானும் முதல் தடவை பாதியில் கடிகாரத்தைப் பார்த்தவன்தான்.

பிடிக்காதவர்கள் சொன்ன குறைகளைத் தள்ளிவிட முடியாது. பாத்திரங்கள் மரக்கட்டை மாதிரிப் பேசுகிறார்கள் என்பது ஒன்று. வேகம் இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவது குறையில் எனக்கும் உடன்பாடு உண்டு: படிமங்களாலேயே புரியவைத்துவிட்ட விஷயத்தை மேடி, பள்ளிக்கூடத்தில் காற்றடித்து நிறுத்திய கோளரங்கக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, நீளமாக வாயாலும் சொல்கிறாள். அந்தப் பேச்சுதான் படத்தின் உச்சம் என்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அங்கே இயக்குநரின் கை கொஞ்சம் நடுங்கியிருப்பதாகப் பட்டது. மரக்கட்டைப் பேச்சு விஷயத்தில் மட்டும் குறை சொன்னவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஜஸ்டிஸ் ஸ்மித் குரலை நெஞ்சிலிருந்து எடுக்காமல் தொண்டையோடு நிறுத்திக்கொள்கிறார். தன் வாழ்க்கையில் தானே குடியிருக்காதவன் வேறு எப்படிப் பேசுவான்?

ஒரு சின்ன இடம் சொல்கிறேன். நடுவயது ஓவன் நம்மைப் பார்த்துச் சொல்கிறான், எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று. அந்தக் குடும்பத்தைப் படம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. மனைவியின் கை, குழந்தையின் செருப்பு, எதுவும் இல்லை. சில விமர்சனங்கள் இதைத் திரைக்கதை ஓட்டை என்றன. வேறு சிலருக்கு அந்த இல்லாமையே ஈரக்குலையைப் பிடித்தது. ஒரே காட்சியிலிருந்து இரண்டு தீர்ப்புகள்.

இன்னொரு தகராறும் எழுந்தது, இது கொஞ்சம் காரமானது. நல்ல விமர்சனம் எழுதியவர்களிலேயே சிலர் இதை ‘தொண்ணூறுகளின் டிவி மீதான ஏக்கம்’, ‘ரசிக மனோபாவத்தின் ஆபத்து’ என்ற அளவில் பாராட்டினார்கள். மாற்றுப்பாலின விமர்சகர்களுக்கு அது உறுத்தியது. சுவையைப் புகழ்ந்துவிட்டு உப்பைச் சொல்லாமல் போனதுபோல. மறுபக்கம், இளம்பருவத்தில் எதையோ விழுங்கிக்கொண்டு வளர்ந்த யாருக்கும் இந்தப் படம் பேசும், அதை ஒரே விளக்கத்துக்குள் பூட்ட வேண்டாம் என்றார்கள் சிலர். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் வரிசை முக்கியம். மாமரமும் வாளைமீனும் யாரென்று தெரிந்த பிறகுதான் ஊர் வளத்தையும் ரசிக்க முடியும், வளத்தோடு நிறுத்திக்கொண்டால் பாட்டு கைக்கு வராது. ஷோன்பிரனின் முந்தைய கதைப்படம், இணையத்தில் ஒரு திகில் விளையாட்டில் தன்னைத் தொலைக்கும் சிறுமியைப் பற்றியது, 2021இல் சண்டான்ஸில் வந்தது. அதற்கும் இதே கதிதான்: பலர் அதை இணைய அடிமைத்தனம் பற்றிய எச்சரிக்கையாகவே பார்த்தார்கள்.

வரவேற்பு என்பது முதல் வாரத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. 1960இல் மைக்கேல் பவல் என்ற பெரிய இயக்குநர் எடுத்த ‘பீப்பிங் டாம்’ படத்தைப் பிரிட்டிஷ் விமர்சகர்கள் அருவருப்பு என்று சாக்கடையில் தள்ளினார்கள். இங்கிலாந்தில் அவருடைய தொழிலே ஆட்டம் கண்டது. எழுபதுகளின் கடைசியில் அந்தப் படத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவர உதவியவர்களில் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியும் ஒருவர். இன்று அது பாடப்புத்தகம். 2009இல் வந்த ‘ஜெனிஃபர்ஸ் பாடி’ என்ற திகில் படத்தை ஒரு நடிகையின் உடம்பைக் காட்டி விடலைப் பையன்களுக்கு விற்றார்கள். வந்த பையன்களுக்குப் பிடிக்கவில்லை, யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்தப் பெண்கள் வரவே இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து அவர்களே அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதே ஸ்கார்செஸி, எண்பதைத் தாண்டிய வயதில், ‘ஐ சா த டிவி குளோ’ தன்னைத் தொட்டதாகச் சொன்னார் என்பது எனக்குச் சின்ன சந்தோஷம்.

அப்படியானால் ஆளுக்கொன்று சொல்லும் விமர்சனங்களில் எதை நம்புவது? நான் ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன். விமர்சகர் படத்தின் முடிவை எப்படி விவரிக்கிறார் என்று பார்ப்பேன். நட்சத்திரம் எத்தனை என்பதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முடிவு விவரிக்கப்படும் விதத்தில் அவர் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பது வெளிப்பட்டுவிடும், அதன்பிறகு அவர் பாராட்டினாலும் திட்டினாலும் எனக்குப் பயன்படும்.

அந்த முடிவு இப்படி. ஓவன் குழந்தைகள் விளையாட்டு மையம் ஒன்றில் வேலை பார்க்கிறான். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் எல்லாரும் பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று செத்துக்கொண்டிருக்கிறேன், காப்பாற்றுங்கள் என்று அலறுகிறான். சுற்றி இருப்பவர்கள் உறைந்து நிற்கிறார்கள், யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. கழிவறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று தன் நெஞ்சைத் தானே கீறித் திறக்கிறான். உள்ளே ரத்தம் இல்லை, டிவியின் வெளிச்சம். பள்ளிக்கூடக் காலத்தில் இதே ஓவன் மேடியிடம் சொல்லியிருக்கிறான்: என் உள்ளே எல்லாவற்றையும் யாரோ தோண்டி எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் திறந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. இப்போது திறந்து பார்த்தாகிவிட்டது. இருக்கிறது.

அடுத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, எதிரில் வரும் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டபடியே நடக்கிறான். சாரி, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, சாரி. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. படம் அங்கேயே அறுந்துவிடுகிறது.

திடீரென்று முடித்துவிட்டார்கள், கதை பாதியில் நிற்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினால் அவர் ஒரு திகில் படம் பார்த்திருக்கிறார், அவருக்கு அது ஏமாற்றம்தான், பொய் சொல்லவில்லை. அந்த ‘சாரி’தான் படத்தின் கோரமான காட்சி என்று இன்னொருவர் எழுதினால் அவர் பார்த்தது வேறு. இவர்களுக்கு நடுவில், முன்பு வந்துபோன ஒரு காட்சியை நினைவில் வைத்திருப்பவர்களும் உண்டு. புறநகர்த் தெருவில் யாரோ வண்ணச் சாக்கட்டியால் எழுதியிருப்பார்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்று. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் எழுதிய விமர்சனங்களில்தான் ‘அவள்’ என்ற சொல் வருகிறது.

நான் இந்தக் கட்டுரை முழுக்க ‘அவன்’ என்று எழுதியது ஊர் ஓவனை எப்படிப் பார்த்ததோ அப்படித்தான். மறுமுறை படம் பார்த்தபோது கழிவறைக் காட்சி வரை அந்தச் சொல் தாங்கியது. நெஞ்சைத் திறந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது ஓவனின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பா, ஆறுதலா என்று தெரியாத ஒன்று வந்துபோனது. அந்த ஒரு கணத்துக்கு மட்டும், பார்த்தாள்.